கடைசி வரிசை பிரனோம்

வாய்க்காலை ஒட்டி, சலவைக் கடைக்கும் கோயில் மதிலுக்கும் நடுவில் அந்தப் பூங்கா இருந்தது. இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம், கிளை விரித்த ஒரு தூங்குமூஞ்சி மரம், ஓரமாக முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமெண்டு மேடை. அவ்வளவுதான். ஆனாலும் சாயங்காலம் ஐந்தரை ஆகிவிட்டால் அக்கம்பக்கத்துச் சந்துகளில் யாரும் வீடு தங்க மாட்டார்கள். பகலெல்லாம் வெயிலைக் குடித்த தகரக் கூரைகள் அந்த நேரத்தில்தான் அனலைக் கக்கும். குழந்தைகள் ஊஞ்சலுக்கு வரிசை கட்டுவார்கள். ஆண்கள் பாட்டில் மூடிகளைக் காய்களாக வைத்துக் கட்டம் ஆடுவார்கள். பெண்கள் மேடைக்கு முன்னால் உடற்பயிற்சி நடனத்துக்கு நிற்பார்கள்.

பிரனோம் மட்டும் மரத்துக்குப் பின்னால் நிற்பாள். பாங்காக் நகரப் பேருந்தில் பதினாறு வருஷமாக நடத்துனர். கனத்த உடம்பு. தான் குதிப்பதை நாலு பேர் பார்த்துவிடக் கூடாது என்று மரத்தின் மறைவில் இரண்டு வருஷமாக ஆடிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போகும்போது கால்வலி குறைந்திருக்கும். மேலதிகாரி திட்டியதுகூட மறந்துபோயிருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை நடன மாஸ்டர் டேச்சா ஊன்றுகோலோடு வந்து சேர்ந்தார். குளியலறையில் வழுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டதாம். பாட்டை மட்டும் போட்டுவிடுகிறேன், யாராவது மேடையேறி ஆடிக்காட்டுங்கள் என்று கேட்டார். எல்லோரும் பக்கத்தில் நிற்பவரைக் கைகாட்டினார்கள். சரி, இன்றைக்கு வேண்டாம் என்று அவர் ஒலிபெருக்கியின் வயரைச் சுருட்ட ஆரம்பித்தபோது, பிரனோமின் எட்டு வயது மகள் ஃபாய் ஊஞ்சலிலிருந்து குதித்து ஓடிவந்தாள்.

"மாஸ்டர், எங்கம்மாவுக்கு எல்லா ஸ்டெப்பும் தெரியும். மீன் பொரிக்கிறப்பகூட ஆடிக்கிட்டேதான் பொரிப்பாங்க."

பிரனோம் மரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்டாள். பலிக்கவில்லை. முன்வரிசைப் பெண்கள் இருவர் வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துப்போய் மேடையேற்றினார்கள்.

சரியாக அந்த நேரம் ஆறு மணி. தாய்லாந்தில் தினமும் அந்த நேரத்துக்குப் பொது இடங்களில் போடும் தேசிய கீதம் ஒலித்தது. ஊஞ்சல்கள் நின்றன, கட்டம் ஆடியவர்கள் எழுந்து நின்றார்கள். மேடைமேல் பிரனோமும் அசையாமல் நின்றாள். மகளைக் கண்ணாலேயே எரித்துவிடுவது போலப் பார்த்தாள். ஃபாய் நேராக வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கீதம் முடிந்து நடனப் பாட்டு தொடங்கியது. பிரனோமுக்குக் கால் எழவில்லை. கீழே நாற்பது முகங்கள். எல்லோரும் மேடைப் பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு ஒருவர் காலை ஒருவர் மிதிப்பதைப் பார்த்தாள். பதினாறு வருஷப் பழக்கம் தானாக வாயைத் திறந்தது.

"உள்ள போங்க, உள்ள போங்க. பின்னாடி அவ்வளவு இடம் கிடக்குதில்ல? பச்சைச் சட்டை அக்கா, படியில தொங்காதீங்க, உங்களத்தான்."

கூட்டம் கொல்லென்று சிரித்துக்கொண்டே பின்னால் நகர்ந்தது. அந்தச் சிரிப்பில் அவளுக்குக் கால் விடுபட்டுவிட்டது. "வண்டி வலது பக்கம் திரும்புது, எல்லாரும் சாயுங்க. பிரேக் போட்டாச்சு, குனியுங்க. கம்பியப் பிடிங்க, கைய மேல தூக்குங்க." மாஸ்டர் சொல்லித் தந்த அதே அடிகள்தான். ஆனால் இப்படி யாரும் சிரித்துக்கொண்டே வேர்த்ததில்லை. கட்டம் ஆடிய ஆண்கள் காய்களை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றார்கள். சலவைக் கடைக்காரர் கையில் மடிக்காத துணியோடு வாசலிலேயே சாய்ந்து சாய்ந்து ஆடினார். குழந்தைகள் மேடையைச் சுற்றி ரயில் விட்டார்கள்.

சோற்றை வடித்து வைத்துவிட்டுக் காத்திருந்த கணவன் விச்சிட், மனைவியையும் மகளையும் காணோமே என்று தேடி வந்தான். மேடையில் நிற்பது யார் என்று புரிய அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது. கல்யாணமான நாளாக வீட்டில் உரக்கச் சிரிக்கவே கூச்சப்படுகிறவள்! மெல்ல நழுவிவிடலாமா என்று அவன் யோசிப்பதற்குள் பிரனோம் பார்த்துவிட்டாள்.

"வாசல்ல நிக்கிற அண்ணே, ஏறுறதுன்னா ஏறுங்க, வண்டி கிளம்பப் போவுது."

"அண்ணனா? அடியே, நான் உன் புருஷன்டி," என்றான் விச்சிட், பரிதாபமாக.

நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஃபாய் ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்து நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள். எல்லோரும் வலப்பக்கம் சாய்ந்தால் அவன் இடப்பக்கம் சாய்ந்தான். பக்கத்திலிருந்த சலவைக் கடைக்காரர் மனைவிமேல் இரண்டு முறை மோதி, இரண்டு முறையும் கைகூப்பி மன்னிப்புக் கேட்டான். ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த டேச்சா மாஸ்டர், கணுக்கால் குணமானாலும் வெள்ளிக்கிழமை இனி பிரனோமுடையதுதான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்தது. போதும், சோறு ஆறுகிறது என்று மூச்சு வாங்கினாள் பிரனோம். ஆறினால் ஆறட்டும், இன்னொரு பாட்டு போடச் சொல் என்றான் விச்சிட், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு.