நெசவாளி, அவன் மனைவி

திருப்பதியிலிருந்து வந்த மோனிகா என்ற பெண் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாள். வெள்ளைக்காரன் காலத்தில் வரைந்தது. ஜாதிக்கு ஒரு ஜோடியை நிற்க வைத்து வரைவார்களாம். இதில் முண்டாசு கட்டிய ஒருத்தன், பக்கத்தில் நூல்கண்டோடு ஒருத்தி. கீழே இங்கிலீஷ் எழுத்து.

"இன்னா எழுதிக்கீது?"

"நெசவாளி, அவன் மனைவி."

"பேரு?"

"பேரெல்லாம் போடமாட்டாங்க தாத்தா."

பேரைக் கேட்காதவன் முகத்தை எதற்கு வரைந்தான்? எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. அதே மாதிரி இன்றைக்கு ஒரு ஜோடியைப் போட்டோ எடுத்து, இரண்டையும் சேர்த்து மாட்டிக் கண்காட்சி வைக்கப் போகிறாளாம். எங்கள் ஊர் நகரியில் என்னைப்போல விசைத்தறி ஓட்டுகிறவன் எவனும் முண்டாசு கட்டுவதில்லை என்றேன். சிரித்துக்கொண்டே பையிலிருந்து முண்டாசுத் துணியை எடுத்தாள்.

உள்ளே கட்டிலில் என் மனைவி ரத்னம்மா. போன ஆடியில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் மட்டும் விழவில்லை.

"என்னையும் எடுப்பாங்களாய்யா?" என்றாள். கேட்கும்போதே இடது கையால் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

நாற்காலியில் உட்கார வைக்கட்டுமா என்று வெளியே வந்து கேட்டேன். மோனிகா படத்தைப் பார்த்தாள்.

"இதுல ரெண்டு பேரும் நிக்கிறாங்க தாத்தா. வேற யாராவது நிக்கட்டுமே. யாருக்குத் தெரியப் போவுது?"

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எதிர்வீட்டு சுலோசனாவைக் கூப்பிட்டார்கள். என்னை அண்ணா என்று அழைக்கிறவள். முடியாது என்றேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பீரோவுல என் அரக்குப் புடவ கீது, அத்த கட்டிக்கச் சொல்லு. கசங்கனத கட்டிக்கினு நின்னு எம்பேர கெடுத்துடப் போறா."

பேர்தான் போடமாட்டார்களே என்று நான் சொல்லவில்லை.

"இன்னும் கிட்ட நில்லுங்க" என்றாள் மோனிகா.

"கொஞ்சம் தள்ளி நில்லுண்ணா" என்று சுலோசனா வாய்க்குள் முனகினாள்.

படத்தை மறுபடி காட்டச் சொன்னேன். அந்த இருவருக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. அவள் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அவனை அண்ணா என்றுதான் அழைத்தாளோ என்னவோ. அவன் வீட்டுக்காரி எந்த அறையில் கிடந்தாளோ.

எல்லோரும் போன பிறகு, சுலோசனா மடித்து வைத்த புடவை கட்டில் ஓரத்தில் கிடந்தது.

"எப்பிடி நின்ன? நின்னு காட்டு" என்றாள் ரத்னம்மா.

துண்டை முண்டாசாகக் கட்டிக்கொண்டு கட்டிலை ஒட்டி நின்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் பக்கத்தில் இருந்த காலி இடத்தையே பார்த்தாள். பிறகு இடது கையால் புடவையை இழுத்துத் தன் மேல் போட்டுக்கொண்டாள்.

"இப்ப எடுக்கச் சொல்லு."

வீட்டில் எங்களைத் தவிர யாருமில்லை. நான் அசையாமல் நின்றேன்.