கண்ணாடிக்கு வெளியே ஒரு விளக்கு

நவம்பர் 13, புதன். இன்றைய பிழை: றெனாத்தோவின் கட்டிலருகே பற்றரி விளக்கை வைத்தேன். அவர் ஏமாறுவார் என்று நினைத்தேன். பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நிவேதிதா பேனாவை மூடும்போது உள்ளறையில் ஏதோ விழுந்தது. மாலை வகுப்பில் அவள் ஒளிப்பதிவு படிக்கிறாள். நாளுக்கொரு பிழையும் மறுநாளுக்கொரு வேலையும் எழுதச் சொல்லியிருந்தார்கள். அவளுக்குப் பிழைக்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை.

பற்றரி விளக்கு நிலத்தில் கிடந்தது. அதைத் தள்ளிவிட்ட கை கட்டில் விளிம்பில் தொங்கியது. அந்தச் சுடர் ஒரே ஆட்டத்தையே திரும்பத் திரும்ப ஆடுகிறது, தேர்தலில் நிற்கிறவன் மாதிரி என்று றெனாத்தோ ஜெர்மன் மொழியில் சொன்னார். அதற்கே நாலு மூச்சு வேண்டியிருந்தது. பிறகு, மேலே எரியும் லைற்றை அணைத்துவிட்டு உண்மையான விளக்கு வை என்றார்.

இத்தாலியில், துரினில் இருந்த காலத்தில், ஒரு மடத்துச் சமையலறையை எண்ணெய் விளக்கில் மட்டுமே படமெடுத்துப் பேர் வாங்கியவர் அவர். பிறகு ஜெர்மனிக்கு வந்து தொலைக்காட்சித் துப்பறியும் தொடர்களுக்கு ஒளிப்பதிவு செய்தார். இந்த நாட்டிலே பிணங்களுக்கு நல்ல வெளிச்சம் கொடுத்தது நான்தான் என்று சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சிரிப்பார். கேள்ன் நகரிலே, அந்தத் தொடர்களின் உடுப்புகளை ஸ்திரி போடும் அறையில்தான் நிவேதிதாவின் அம்மா யோகத்தைச் சந்தித்தார். அப்பா இறந்து ஐந்து வருடம் கழித்து யோகம் வெள்ளைக்காரனைக் கட்டியதற்கு எசன் நகரத்துத் தமிழர் பலர் முகம் கொடுத்துப் பேசாமல் விட்டார்கள்.

குசினியில் யோகம் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றாள். மகள் கேட்டதைச் சொன்னதும் கேத்திலை வைத்துவிட்டாள். ஒட்சிசன் மிசின் ஓடுகிற அறையில் ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்கக்கூடாது என்று தாதி சொல்லியிருந்தாள். மிசின் வந்த நாளிலிருந்து சாமித்தட்டிலும் பற்றரி விளக்குத்தான்.

"மிசினை நிப்பாட்டினால் இவர் பத்து நிமிசம் தாங்க மாட்டார்."

"அவர் கேக்கிறது விளக்கு ஒண்டைத்தானே அம்மா."

"இவர் பெத்த பிள்ளை றெயினிலை வந்துகொண்டிருக்கு, நிவே. அது வரமுதல் ரெண்டாம்தாரம் மிசினை நிப்பாட்டிப் போட்டாள் எண்டு ஒரு கதை வரக்கூடாது. அவ்வளவுதான்."

அவரின் முதல்தாரத்து மகள் ஜூலியாவின் றெயின் பாசல் நகரிலேயே பிந்திவிட்டது. தகப்பனின் கலியாணத்துக்குப் பிறகு அவள் இந்த வீட்டுப் படி ஏறியதேயில்லை.

நிவேதிதா சாமித்தட்டடியில் யோசித்துக்கொண்டு நின்றாள். படப்பிடிப்பில் றெனாத்தோ விளக்குகளை வீட்டுக்குள் வைக்க விடமாட்டார். யன்னலுக்கு வெளியேதான் நிறுத்துவார். இத்தனை நாளும் அது ஏன் தனக்கு உறைக்கவில்லை என்று தன்னையே கடிந்துகொண்டாள். மூலைக்குள் தள்ளியிருந்த சின்னக் குத்துவிளக்கை எடுத்தாள்.

அறைக்குள் மேலே எரிந்த லைற்றை அணைத்தாள். பல்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவை இறுகச் சாத்தினாள். திரி பற்றியதும் காற்று அணைத்தது. இரண்டாம் முறையும் அணைத்தது. ஓடிப்போய்க் குசினி அவணின் தகரத் தட்டை எடுத்துவந்து விளக்குக்குப் பின்னால் பிடித்துத் திரியைப் பற்றவைத்தாள். காற்றும் அடங்கியது, வெளிச்சமும் தட்டில் பட்டுத் திரும்பி உள்ளே போனது.

தலையணையில் அவர் முகம் தெரிந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உள்ளே இருந்து ஒரு சத்தமும் கேட்கவில்லை. இரண்டு விரல்கள் மட்டும் எழும்பி இடப்பக்கம் சரிந்தன. தட்டை இடப்பக்கம் நகர்த்தினாள். விரல்கள் தாழ்ந்தன. தட்டைத் தாழ்த்தினாள். இன்னும் கொஞ்சம். குளிரில் அவள் கை விறைத்தது. சரியாகச் செய்கிறேனா என்று கேட்கவும் வழியில்லை.

கடைசியில் கை பொத்திக்கொண்டது. படப்பிடிப்பில் அதற்கு, போதும், அசையாதே என்று அர்த்தம்.

அவள் அசையவில்லை. போர்வை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏறியது. இறங்கியது. பொத்திய கை மெல்ல விரிந்தது. போர்வை மறுபடி ஏறும் என்று காத்திருந்தாள்.

யோகம் கதவைத் திறந்து உள்ளே வந்தாள். கட்டிலருகே குனிந்தாள். அவர் கண்களை மூடிவிட்டாள். பிறகு பல்கனிக் கதவை ஒரு விரலளவு விலக்கினாள். மிசின் சீறிக்கொண்டிருப்பது அப்போதுதான் கேட்டது.

"மிசினை நிப்பாட்டிப் போட்டு விளக்கை உள்ளை கொண்டு வரட்டோ, அம்மா? தலைமாட்டிலை வைக்க வேணுமெல்லே."

"வேண்டாம். ஓடட்டும். ஜூலியா வந்து தன்ரை கையாலை நிப்பாட்டட்டும்."

"அதுவரைக்கும் விளக்கு?"

யோகம் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அங்கையே பிடிச்சுக்கொண்டிரு. அவவும் இந்த வெளிச்சத்திலை பாக்கட்டும்."

கதவு மூடிக்கொண்டது. நிவேதிதா திரியைத் தூண்டிவிட்டுத் தட்டை மறுபடி அதே இடத்தில் பிடித்தாள்.

நாளைய வேலை: அவண் தட்டில் கரி பிடித்திருக்கிறது. சுடுதண்ணியில் ஊறப்போட வேண்டும்.