மூன்றாம் எண் ஏரி

புவியியல் துறையில் எங்கள் வகுப்பில் இருபத்திரண்டு பேர். வேண்டுமென்று கேட்டு அந்தப் படிப்பில் சேர்ந்தவள் சைராகுல் ஒருத்திதான். மற்றவர்களெல்லாம் சட்டமோ பொருளாதாரமோ கிடைக்காமல் வந்தவர்கள், என்னையும் சேர்த்து. கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கேக்கில் பல்கலைக்கழக விடுதியில் அவளும் நானும் ஐந்து வருடம் ஒரே அறை. குழாய் உறைந்துபோகும் குளிர்நாட்களில் ஒரே போர்வைக்குள் சுருண்டு தேர்வுக்குப் படித்திருக்கிறோம்.

அவள் ஊர் நாரின் மலைப்பகுதியில், தாஷ்-கெச்சு. அவளுக்குப் பத்து வயதானபோது ஒரு ஜூலை மாத நண்பகலில், வானத்தில் ஒரு மேகம்கூட இல்லாத நேரத்தில், மலையிலிருந்து சேறும் பாறையுமாக வெள்ளம் இறங்கியது. ஆற்றோரப் புல்வெளியில் அவள் அம்மா வைக்கோல் வாரிக்கொண்டிருந்தாள். நாலு வயதுத் தம்பி பக்கத்தில் இருந்தான். அம்மாவின் உடல் மூன்றாம் நாள் கிடைத்தது. தம்பி கிடைக்கவே இல்லை. ஊரில் மொத்தம் பதினோரு பேர் போனார்கள்.

ஆண்டவன் எழுதியது என்றார்கள் ஊரில். வெயில் அடிக்கிற நாளில் வெள்ளம் எப்படி வரும் என்று அவள் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்பா அசன்குல் டிராக்டர் ஓட்டுகிறவர். அவரிடம் கேட்டால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார். அன்று வைக்கோல் வார அம்மாவை அனுப்பியது அவர்தான். அது ஊருக்கே தெரியும். அதற்குப் பிறகு அந்தப் புல்வெளிப் பக்கம் அவர் காலெடுத்து வைத்ததில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் இரண்டாம் வருடம் வகுப்பறையில் கிடைத்தது. ஓமுர்பெக் அகாய் (ஆசிரியரை நாங்கள் அகாய் என்றுதான் அழைப்போம்) பனியாறுகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். உருகும் நீர் பனிக்கரைக்குப் பின்னால் ஏரியாகத் தேங்கும், வெயில் ஏற ஏற நீர் கூடும், கரையில் விரிசல் விழுந்தால் ஏரி முழுவதும் ஒரே மூச்சில் கீழே போகும், அதனால் மழைநாளைவிட வெயில்நாள்தான் ஆபத்து என்றார். சைராகுல் எழுந்து வெளியே போனாள். முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, விட்டுப்போனதை என் நோட்டைப் பார்த்து எழுதினாள்.

அகாய் சிரிக்காத மனிதர். எங்கள் வரைபடங்களைப் பச்சை மையால் கிழித்துத் தள்ளுவார். அவளிடம் மட்டும் பொறுமை. மலைமேல் பனியை அளக்கும் கோடைப் பயிற்சியில் அவளுக்கு விரல் விறைத்துப்போனபோது தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தார். ஆனால் முகம் பார்த்துப் பேசமாட்டார். விடுதிப் பெண்கள் விடுவார்களா? "உன்னை மருமகளாக்கிக்கப் பார்க்கிறாருடி, பையன் இன்னும் மூணாங்கிளாஸ்தான், காத்திரு" என்று சீண்டுவார்கள். அவளும் சிரிப்பாள்.

ஐந்தாம் வருட ஆய்வேட்டுக்குத் தன் ஊருக்கு மேலே இருக்கும் ஏரிகளையே எடுத்தாள். வேறு பள்ளத்தாக்கு எடுக்கச் சொல்லி அகாய் மூன்று முறை திருப்பி அனுப்பினார். நாலாம் முறை கையெழுத்துப் போட்டார்.

பிப்ரவரியில் துறையின் நிலவறையில் பழைய பயணக் குறிப்பேடுகளைத் தேடினோம். எலிப்புழுக்கை நாற்றம், மர அலமாரிகள், கயிற்றால் கட்டிய நோட்டுகள். வெள்ளம் வந்ததற்கு முந்தைய வருடத்து ஆகஸ்ட் நோட்டு அவள் கையில்தான் சிக்கியது. வாசித்துவிட்டு மூடினாள். மறுபடி திறந்து என்னிடம் நீட்டினாள்.

"மூன்றாம் எண் ஏரி. சென்ற முறையைவிட நீர் நாலு மீட்டர் உயர்ந்துள்ளது. பனிக்கரையில் விரிசல். கீழேயுள்ள ஊருக்கு உடனே தெரிவிக்க வேண்டும்."

அந்த இடப்பக்கம் சாய்ந்த எழுத்தை ஐந்து வருடமாக எங்கள் தாள்களின் ஓரத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நேராக அகாயின் அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அகாய், இது உங்க கையெழுத்துதானே?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஆமா."

அப்போது அவருக்கு இருபத்தேழு வயது. அறிக்கை எழுதி மேலே கொடுத்தார். சம்பளமே வராத காலம். அறிக்கை போய்ச் சேரவேண்டிய அலுவலகத்தில் ஒரே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். அது யாருடைய இழுப்பறையிலோ கிடந்தது. பதினோரு மாதம் கழித்து ஏரி உடைந்தது.

"காகிதத்துல எழுதிட்டோம், நம்ம வேலை முடிஞ்சுதுன்னு இருந்துட்டேன்" என்றார்.

"நான் எந்த ஊருன்னு உங்களுக்குத் தெரியும்."

"சேர்க்கைப் பட்டியல்லயே பார்த்தேன்."

"தெரிஞ்சுக்கிட்டே இத்தனை வருஷம் எனக்குப் பாடம் நடத்தியிருக்கீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தப்பு என்னோடதுதான். ஆய்வேட்டுல அப்படியே எழுது. என் பேரைப் போட்டு எழுது."

அறைக்குத் திரும்பியும் அவள் அழவில்லை. அப்பாவிடம் சொல்லவேண்டும் என்றாள். பன்னிரண்டு வருடமாக அந்த மனிதர் தன்னையே தின்றுகொண்டிருக்கிறார், வேறொருவர் தப்பு என்று தெரிந்தால் ஒருநாளாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்றாள்.

நோரூஸ் வசந்தப் புத்தாண்டு விடுமுறைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். தோலோன் கணவாயில் இன்னும் பனி. வண்டி ஊர்ந்து ஊர்ந்து மாலைக்குள் ஊர் சேர்ந்தது. அசன்குல் எங்களுக்காகத் தானே மாவு பிசைந்து போர்சோக் பொரித்து வைத்திருந்தார். ஓரமெல்லாம் கருகியிருந்தது.

"ஸ்பானர் பிடிக்கிற கை சுட்டது, பல்லு பத்திரம் பிள்ளைகளா" என்றார்.

தேநீர் ஊற்றி உட்கார்ந்ததும் சைராகுல் அந்தப் பக்கத்தின் நகலை எடுத்து வாசித்தாள். யார் எழுதியது, எங்கே கிடந்தது, எச்சரிக்க எத்தனை மாதம் கையில் இருந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். "உங்க தப்பு இல்லப்பா. தெரிஞ்சவங்க சொல்லாம விட்டாங்க."

அவர் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அந்த ஆளு ஒல்லியா, கண்ணாடி போட்டிருப்பானா?"

"கண்ணாடி உண்டு. இப்ப ஒல்லியில்ல. ஏம்ப்பா?"

"அவன் சொன்னான், மகளே. எங்கிட்ட சொன்னான்."

ஏரியை அளந்துவிட்டு இறங்கியவர்களின் லாரி ஆற்றுத்துறையில் சேற்றில் மாட்டிக்கொண்டதாம். இவர்தான் டிராக்டரால் இழுத்துவிட்டார். பக்கத்தில் தொற்றிக்கொண்டு வந்த அந்த இளைஞன், மேலே ஏரி மோசமாக இருக்கிறது, ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லுங்கள், வருகிற கோடையில் ஆற்றோரத்தில் யாரையும் இருக்கவிடாதீர்கள் என்றானாம்.

"நான் சிரிச்சேன். எங்க பாட்டன் காலத்துலேருந்து அந்த ஏரி அங்கதான்யா இருக்குன்னேன். ரெண்டு நாள் ஞாபகம் இருந்துச்சு. அப்புறம் அறுப்பு வந்துச்சு, மறந்துபோச்சு. யாருகிட்டயும் சொல்லல. உங்கம்மாகிட்டகூடச் சொல்லல." பிறகு, "சொல்லியிருந்தா அவ போயிருக்கமாட்டா. உங்கம்மா எதையும் லேசா எடுத்துக்கிறவ இல்ல" என்றார்.

எழுந்து, மாட்டைப் பார்க்கவேண்டும் என்று கொட்டிலுக்குப் போனார். சைராகுல் போகவில்லை. நகலை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

பிஷ்கேக் திரும்பியதும் அகாயிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். அப்பாவிடம் சொன்னதை ஏன் மறைத்தீர்கள்?

முதல் வருடம் அவளை விடுதியில் விட வந்த அசன்குலைப் படிக்கட்டில் கண்டதுமே அகாய்க்கு அடையாளம் தெரிந்துவிட்டதாம். வந்த வழியே திரும்பிவிட்டாராம்.

"போறபோக்குல ஒரு ஆளுகிட்ட சொல்றது ஊருக்குச் சொன்னதாகாதும்மா. இறங்கி நாலு கதவையாவது தட்டியிருக்கணும். பெட்ரோல் தீர்ந்துடும்னு கிளம்பிட்டேன். அந்தப் பாரத்தை அவரு தலையில எப்படி இறக்குவேன்?"

ஆய்வேட்டில் அகாயின் பெயரை எழுதினாள். அவரே பக்கம் பார்த்துச் சரி என்றார். அடுத்த வரிக்குத்தான் மூன்று வாரம் பிடித்தது. எழுதுவாள், அடிப்பாள். கடைசியில், "ஊரில் ஒருவரிடம் வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. அது மற்றவர்களைச் சென்றடையவில்லை" என்று நிறுத்திக்கொண்டாள்.

ஆய்வேட்டுத் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் அந்த வரியில் விரல் வைத்து, அந்த ஒருவர் யார் என்று கேட்டார். அவள் கையிலிருந்த குச்சி வரைபடத்தின்மேல் அப்படியே நின்றது. அகாய் மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"தெரியாது" என்றாள்.

முழு மதிப்பெண் கொடுத்தார்கள்.

அந்த ஜூலையில் அப்பா தன்னை மேலே கூட்டிப்போகச் சொன்னதாகத் தொலைபேசியில் சொன்னாள். இரண்டு குதிரையில் போனார்களாம். ஏரி இருந்த இடம் இப்போது வெறும் கல்குழி. தண்ணீர் எதுவரை நின்றது என்று கேட்டிருக்கிறார். பாறையில் வெளுத்த கோடு ஒன்றைக் காட்டியிருக்கிறாள். இறங்கிப்போய் அண்ணாந்து பார்த்தாராம். கை தூக்கினாலும் எட்டாத உயரம்.

"என்மேல உனக்குக் கோபம் போயிடுச்சா?" என்று அங்கே வைத்துக் கேட்டாராம்.

போயிற்று என்று சொல்ல வாயெடுத்தவள், குதிரைக்குத் தண்ணீர் காட்டவேண்டும் என்று சொல்லிவிட்டாள். அவர் மறுபடி கேட்கவில்லை.

பிறகு அவள் நீர்வள அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கோடையெல்லாம் ஏரிகளுக்குக் கீழேயுள்ள ஊர்களில் வீடுவீடாக ஏறி இறங்கினாள். அப்பாவைப் பார்க்க வருடத்துக்கு ஒருமுறை போய்வந்தாள். இரண்டாம் வசந்தத்தில் அவர் டிராக்டருக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். சேதி வந்து அவள் ஊர் போய்ச் சேர்ந்தபோது உடல் குளிர்ந்திருந்தது.

சாவுக்கு நானும் போனேன். சாவுக்காக எழுப்பிய கூடாரத்துக்குள் பெண்கள் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தோம். சைராகுல் என் தோளில் சாய்ந்து, ஒரு வார்த்தைதானே, சொல்லியிருக்கலாமே என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியே உறவு ஆண்கள் இடுப்பில் துணி கட்டி, கோலூன்றி வரிசையாக நின்று ஓலமிட்டார்கள். சற்று நேரத்தில் புதிதாக ஒரு குரல் சேர்ந்தது. அதைக் கேட்டதும் அவள் வாய்மூடினாள். நான் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன்.

வரிசையின் கடைசியில், கூடப்பிறந்தவன்போலக் குனிந்து, ஓமுர்பெக் அகாய் அழுதுகொண்டிருந்தார். அவர் யாரென்று அந்த வரிசையில் ஒருவருக்கும் தெரியவில்லை. யாரோ அவர் கையிலும் ஒரு கோலைக் கொடுத்திருந்தார்கள்.