ஜெசிந்தாவின் முறை

எங்கள் வீட்டில் பாலன் இயேசுவின் சிலையைச் சும்மா கிறிஸ்மஸ் குடிலில் வைப்பதில்லை. இருபத்துநான்காம் திகதி பின்னேரம் ஆளுக்கொரு பிறப்புக் கதை சொல்ல வேண்டும். ஒவ்வொன்றும் வேறு வேறு மனிதர்களிடம் கேட்டதாக இருக்க வேண்டும். கடைசிக் கதை முடிந்த பிறகுதான் பாலன் அலுமாரியை விட்டு வெளியே வரும். என் மனைவி ஜெசிந்தா தொடங்கிய வழக்கம். கடைசிக் கதை அவளுடையது. நான் சைவ சமயம், கேட்பது மட்டும் என் வேலை.

அவள் இறந்து பத்து மாதம். இந்த முறை குடில் வேண்டாம் என்றிருந்தேன். ஏழு வயது மகள் டினுஷி நுரைச்சோலைக் கடற்கரையில் மணல் அள்ளி வந்து தானே கட்டிவிட்டாள்.

முதலில் மாமனார் பஸ்தியான். கடல்தொழில் செய்பவர். சிலாபத்தில் சிங்களத்தில் கேட்ட கதை அவருடையது: மூன்று அரசர்களும் பாலனைப் பார்க்க வள்ளத்தில் வந்து திசை தவற, வலை இழுத்தவர்கள் கரை சேர்த்தார்களாம். அடுத்தது, பகலில் மகளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு லெய்லா. கனமூலையில் அவருடைய உம்மா சொன்ன குர்ஆன் கதை. மர்யம் தனியே பேரீச்சை மரத்தடியில் பிள்ளை பெற்றதையும், மரத்தை உலுக்கப் பழம் உதிர்ந்ததையும் சொன்னார். யோசேப்பு எங்கே என்று டினுஷி கேட்டாள்.

"எங்கட கதையில அவர் இல்ல, மகள்."

"மனிசன் கடலுக்குப் போயிருப்பான்," என்றார் மாமா. லெய்லா முறைத்தார். பிறகு சிரித்தார்.

பாலனை எடுக்க மாமா எழுந்தார். டினுஷி அலுமாரிக் கதவில் முதுகை வைத்து நின்றுகொண்டாள். அம்மாவின் முறை இன்னும் இருக்கிறது என்றாள். இந்த வருஷம் விடுவோம் என்று மாமா சொல்லிப் பார்த்தார். அவள் என்னையே பார்த்தாள்.

பத்து மாதமாக ஜெசிந்தாவின் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. படிவங்களில் எழுதியதோடு சரி.

தொடங்கினேன். டினுஷியின் அம்மா இத்தாலியில் ஒரு வயோதிப மாதுவைப் பராமரித்தபோது அவரிடம் கேட்டது. அங்கே குடிலில் ஊரே நிற்கும்: பாண் சுடுபவன், மரக்கறி விற்பவள், மீன்காரன். மீன்காரன் மட்டும் பாலனுக்கு முதுகைக் காட்டி நிற்பான். அவனுக்கு வியாபாரம் பெரிது. கதை முடிந்தது என்றேன்.

"அம்மா அப்பிடிச் சொல்லேல்ல. அவனுக்கு ஆரும் இன்னும் சொல்லேல்ல. அதுதான் அவன் திரும்பேல்ல."

பிறகு என்ன என்று கேட்டேன்.

"எனக்கு மறந்து போச்சு. நீங்க சொல்லுங்கோ."

எனக்கு நினைவிருந்தது. நிலத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஜெசிந்தா சொல்லுவா," என்றேன். "மரக்கறிக்காரி கையைத் துடைச்சுக்கொண்டு போய் அவன்ர தோளில தட்டுவா. பிள்ளை பிறந்திட்டுது, திரும்பிப் பார் எண்டுவா."

"திரும்புவானா?"

"ஓம். கையில மீனோட. அதை எங்க வைக்கிறதெண்டு தெரியாம நிப்பான்."

மாமா கதிரையில் உட்கார்ந்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். டினுஷி திரும்பி அலுமாரியைத் திறந்தாள்.