மாதிரிக் கரி

கோகிலவாணி ஆக்சிஜன் மெஷினின் சுவிட்சை அணைத்தாள். பதினான்கு மாதமாக இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றதும், தெருமுனையில் பால்வண்டி நிற்பதும், எதிர் வீட்டில் யாரோ வாசல் தெளிப்பதும் கேட்டன. அப்பாவின் மூக்கிலிருந்து குழாயை எடுத்தாள். கன்னத்திலும் காதுக்குப் பின்னாலும் குழாய் பதிந்த கோடு அப்படியே இருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

மணி ஆறேகால். அவர் போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது.

பீரோவிலிருந்து வெள்ளைத் துணி எடுத்துக் கிழித்துத் தாடையைக் கட்டினாள். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினாள். முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு அடுப்படிக்குப் போய், அவருக்கென்று ஏற்றியிருந்த வெந்நீரை இறக்கி வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சேலத்தில் இருந்த தம்பி ஆனந்தகுமாரைக் கூப்பிட்டாள். போர்வெல் தோண்டும் ரிக் வண்டியோடு ராஜஸ்தானில் இருந்த கணவனைக் கூப்பிட்டாள். என்ன வேகத்தில் வந்தாலும் அவனால் எடுப்பதற்குள் வந்து சேர முடியாது என்று அவனுக்கும் அவளுக்கும் தெரியும். சித்தப்பா வீடு, பெரியம்மா வீடு, அவள் வேலை பார்க்கும் தபால் ஆபீஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தாள். கடைசியாக ஒரு எண் இருந்தது. அப்பா மூன்று வாரமாகக் கூப்பிடச் சொல்லிக்கொண்டிருந்த எண்.

"யாரு?" என்றது ஒரு வயதான பெண் குரல்.

"பரமத்தி வேலூருங்க. வாஷரில வேல பாத்த அங்கமுத்து மவ பேசறனுங்க. நீங்க கெங்கவல்லி பெருமாயி அம்மாங்களா?"

அந்தப் பக்கம் கோழி கத்தியது.

"செத்துட்டாரா?"

"ஆமாங்க. காத்தால."

"எப்ப எடுக்கறீங்க?"

"மூணு மணிக்குங்க."

"வரேன்" என்று பெருமாயி போனை வைத்துவிட்டாள்.

*

அங்கமுத்து இருபது வயதில் வடக்கே தன்பாத் பக்கம் நிலக்கரி கழுவும் ஆலை ஒன்றுக்கு வேலைக்குப் போனவர். வாஷரி என்பார்கள். சுரங்கத்துக் கரியில் கல் கலந்திருக்கும். கல்லோடு போட்டால் இரும்பு உருக்கும் உலையில் கசடு சேரும். அதனால் கரியைக் கழுவிக் கல்லைப் பிரித்துத்தான் அனுப்ப வேண்டும். நாற்பது வருடம் அதுதான் அவருடைய வேலை. தூசியும் நாற்பது வருடம் உள்ளே போனது. அம்மா இறந்த பிறகு பேச ஆள் குறைந்துபோய், மூச்சும் குறைந்துபோய், கடைசி மாதங்களில் அவர் வாஷரியைப் பற்றி மட்டும்தான் பேசினார். நாலு வார்த்தை பேசிவிட்டு நிறுத்துவார். மெஷின் ஓடும். மறுபடி நாலு வார்த்தை.

அவர் வேலைக்குப் போன காலத்தில் சிறு கரிக்கு மட்டும்தான் தண்ணீர்த் தொட்டி இருந்தது. அடியிலிருந்து தண்ணீர் எழும்பி எழும்பி அடங்கும். கல் கீழே தங்கும், கரி மேலே வரும். பெரிய கட்டிகளுக்குக் கைதான். நகரும் ரப்பர் பெல்ட்டின் இரு பக்கமும் பெண்கள் நின்று, கரியோடு கரியாகப் போகும் கல்லைப் பார்த்துப் பொறுக்கி எறிவார்கள். சேலத்தில் வெள்ளைக்கல் சுரங்கத்தில் பொறுக்கிப் பழகியவர்கள் என்று ஒரு மேஸ்திரி முப்பத்திரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். அவர்களில் ஒருத்தி பெருமாயி.

எழுபத்து நான்கில் புது இயந்திரம் வாங்கப் பேச்சு வந்தது.

"நம்ம கஞ்சமலைக் கல்லு இருக்குதில்ல அம்மிணி, காந்தத்துல ஒட்டுமே, அதே சாதிக் கல்லு" என்று அப்பா சொன்னார். "அத மாவா அரைச்சுத் தண்ணில கலந்தா தண்ணி கனத்துப் போயிரும். அதுல கட்டியப் போட்டா கரி மெதக்கும், கல்லு முழுவிரும். கையே வேண்டாம்."

வாங்குவதற்கு மேலிடம் காரணம் கேட்டது. கையால் கல் பொறுக்கிய கரியில் ஒரு டிரம் மாதிரிக்கு எடுத்து எரித்து, எவ்வளவு சாம்பல் மிஞ்சுகிறது என்று எழுதி அனுப்ப வேண்டும். சாம்பல் கூடினால் கல்லைச் சரியாகப் பொறுக்கவில்லை என்று அர்த்தம். மாதிரி எடுக்கும் வேலை தற்காலிக ஊழியர் அங்கமுத்துவுடையது. நூற்றுக்குப் பதினெட்டு வரும், பத்தொன்பதைத் தாண்டாது என்று அவருக்குத் தெரியும். அதிகாரி ஒருவர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, இருபத்தைந்துக்கு மேல் வர வேண்டும் என்றார். அங்கமுத்து கழிவுக்கல் குவியலிலிருந்து நாலு சட்டி கல் அள்ளி டிரம்மில் போட்டார். இருபத்தேழு வந்தது.

ஒரு மாதத்தில் முப்பத்திரண்டு பேரையும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதம் அங்கமுத்து நிரந்தரமானார். புது இயந்திரத்தில் பயிற்சி கொடுத்தார்கள். அதற்குப் பின் கரித்தூளை நுரையில் ஒட்டவைத்து மேலே எடுக்கும் தொட்டிகள் வந்தபோது அவர்தான் அந்தப் பிரிவுக்குப் போர்மேன். கோகிலவாணி பிறந்தது ஆலைக் குடியிருப்பில். படித்தது ஆலைப் பள்ளியில்.

"பெருமாயியக் கூப்புடு. நானே சொல்லோணும்" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"மூச்சு கொஞ்சம் சரியாவட்டுங்கப்பா" என்று அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். மூச்சு சரியாக இல்லாததும் உண்மைதான். நேற்றுச் சாயங்காலம் அவர் "எனக்கு முடியலீன்னா நீ சொல்லீரு" என்றார். அவள் சரி என்றாள்.

*

ஆனந்தகுமார் ஒன்பது மணிக்கு வந்தான். கொஞ்ச நேரம் அழுதான். ஐஸ் பெட்டிக்கு, மாலைக்கு, சுடுகாட்டுக்கு என்று ஆள் அனுப்பினான். பெருமாயி வருகிறாள் என்று கேட்டதும் அக்காவை உள் அறைக்கு அழைத்தான்.

"இன்னிக்கு அதையெல்லாம் பேசப் போறியா?"

"அப்பா சொல்லச் சொன்னாரு."

"அந்தம்மா எழவு ஊட்டுல நின்னு சத்தம் போட்டா? சொந்தக்காரங்க அத்தன பேர் முன்னாடி? எப்படியும் அந்த மெஷின் வந்திருக்கும்க்கா. அப்பா கல்லப் போடாட்டி இன்னொருத்தன் போட்டிருப்பான்."

"இருக்கும்" என்றாள் கோகிலவாணி.

அவளுக்கு அழுகை வரவில்லை. வருகிறவர்கள் கட்டிக்கொண்டு அழுதபோது தோளைக் கொடுத்து நின்றாள்.

பெருமாயி ஒரு மணிக்கு வந்தாள். எழுபத்தாறு வயது. ஒல்லியாக, நிமிர்ந்து, கையில் ஒரு மஞ்சள் பையோடு நின்றாள். யாரிடமும் எதுவும் கேட்காமல் நேராக ஐஸ் பெட்டியிடம் போய்க் கண்ணாடி வழியே பார்த்தாள்.

"கரி புடிச்ச நகமெல்லாம் வெளுத்துப் போச்சே" என்றாள்.

பிறகு பெண்களோடு போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். வாய்க்கரிசி போடக் கூப்பிட்டபோது எழுந்து வரிசையில் நின்று போட்டாள். அழவில்லை. பறை அடிக்க, ஆண்கள் அப்பாவைத் தூக்கிக்கொண்டு காவிரிக்கரைப் பக்கம் போனார்கள். பெண்கள் தெருமுனை வரை போய்த் திரும்பினார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஈரத் தரையில் பெருமாயி மட்டும் கட்டிலை ஒட்டி நின்றிருந்தாள். கோகிலவாணி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அப்பா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாருங்கம்மா. எழுபத்தி நாலுல, அந்த மாதிரிக் கரி..."

"நாலு சட்டி" என்றாள் பெருமாயி.

கோகிலவாணி அவளைப் பார்த்தாள்.

"நான் பாத்தேன் கண்ணு. அன்னிக்கு கல்லு உழுந்து எனக்கு நகம் பேந்துபோச்சு. கட்டு போட்டுக்கிட்டு பின்பக்கமா வரேன். உங்கப்பாரு கல்லுக் குவியல்ல குனிஞ்சு அள்ளிக்கிட்டு இருக்காரு. டிரம்முல கொட்டுறாரு. நிமிந்தவரு என்னப் பாத்தாரு."

"நீங்க ஒண்ணும் கேக்கலீங்களா?"

"என்னன்னு கேக்கறது? நம்ம ஜில்லாப் பையன். மேல இருக்கறவன் ஏதோ சொல்லியிருப்பான், செய்யறான்னு நெனச்சேன். அது எங்களத் தொரத்தத்தான்னு அன்னிக்குத் தெரியாது. சீட்டக் கிழிச்சப்பதான் புரிஞ்சுது. அப்பவும் வாயத் தொறக்கல. தொறந்திருந்தா அவர அங்கயே அடிச்சுப் போட்டிருப்பாளுங்க."

வெளியே யாரோ வாளியைக் கவிழ்த்து வைக்கும் சத்தம் கேட்டது. பெருமாயி தன் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எல்லாரும் ஒரே ரயில்லதான் வந்தோம். மூணு நாளு. சௌந்திரம்னு ஒருத்தி, சின்னப் பொண்ணு, எம் மடியில தல வெச்சுக்கிட்டு அழுவறா. நம்ம கை அவ்ளோ மோசமாக்கான்னு கேக்கறா. நாங்க பொறுக்குனது சரியில்லன்னு கணக்கு வந்துருச்சுன்னு சொல்லித்தானே அனுப்புனாங்க. அவதான் அந்த பெல்ட்டுலயே நல்லாப் பொறுக்குவா. இன்னிக்கும் அரிசி பொடைச்சா ரெண்டு தடவ பாப்பா, கல்லு இருக்குதான்னு. நான் போறப்பல்லாம் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

சொல்ல வேண்டியதை அப்பா கோகிலவாணியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதை இறக்கி வைத்தால் இலேசாகிவிடும் என்று நினைத்திருந்தாள்.

"எனக்கு மட்டும் சொல்லச் சொன்னாரா, எல்லாருக்குமா?" என்று பெருமாயி கேட்டாள்.

"உங்க பேரு மட்டுந்தானுங்க சொன்னாரு."

"ம்."

மஞ்சள் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "முப்பத்திரண்டுல இப்ப நாலு பேருதான் இருக்கோம்" என்றாள். அதற்குப் பிறகு டீ கேட்டாள்.

ஐந்து மணிக்கு ஆண்கள் திரும்பினார்கள். ஈர வேட்டியோடு வந்த ஆனந்தகுமார், டீ குடித்துக்கொண்டிருந்த பெருமாயியைப் பார்த்துவிட்டு அக்காவைப் பின்பக்கம் அழைத்தான்.

"சொல்லிட்டியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"அவங்களுக்குத் தெரியுமாம்."

அவன் வேட்டியைப் பிழியத் தொடங்கினான்.

*

பஸ் ஸ்டாண்டுக்குக் கோகிலவாணியே கூட்டிப்போனாள். எழவு வீட்டுப் பெண் இன்று தெருவைத் தாண்டலாமா என்று பெரியம்மா கேட்டதற்கு, வந்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னாள். தலைமுடி காயவில்லை. முதுகில் ரவிக்கை நனைந்திருந்தது. நாமக்கல் பஸ் கிளம்ப இன்னும் பத்து நிமிடம் இருந்தது. பெருமாயியை ஏற்றி ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு, கீழே இறங்கி ஜன்னலருகில் நின்றாள்.

"நாமக்கல்லுல எறங்கி ஆத்தூர் பஸ் ஏறிக்குங்கம்மா. கெங்கவல்லி போறதுக்குள்ள இருட்டீரும். அங்க யாராச்சும் கூப்பிட வருவாங்களா?"

"ஊருக்குப் போகல. நாமகிரிப்பேட்டையில எறங்கிக்கறேன். சௌந்திரம் அங்கதான் இருக்கா."

கோகிலவாணி தலையாட்டினாள்.

"நீ போ கண்ணு. ஊட்டுல ஆளுங்க இருப்பாங்க."

அவள் போகவில்லை. வாழைத்தார் ஏற்றிய வண்டி ஒன்று பின்னால் ஒலி எழுப்பியது. நகர்ந்து ஒரு கடையின் நிழலில் நின்றுகொண்டாள். ஆட்கள் ஏறினார்கள். ஓட்டுநர் வந்து வண்டியைக் கிளப்பி உறுமவிட்டார்.

ஜன்னலில் பெருமாயியின் உதடுகள் அசைந்தன. தன்னைக் கூப்பிடுகிறாளோ என்று கோகிலவாணி ஓரடி முன்னே போனாள். ஆனால் பெருமாயி வெளியே பார்க்கவில்லை. முன்சீட்டின் கம்பியைப் பார்த்தபடி எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்தினாள். தலையை மெல்ல ஆட்டினாள். பிறகு முதலிலிருந்து மறுபடி சொல்லத் தொடங்கினாள்.

பஸ் திரும்பி ரோட்டில் ஏறியது.