எடுத்த இடம்

எக்ஸ்ரே அறையில் என் வேலை விரலில்தான் தொடங்கும். படுத்திருப்பவரின் இடுப்புக்கு முன்புறம், இரண்டு ஓரத்திலும் துருத்தி நிற்கும் எலும்பு முனைகளைத் தொட்டுப் பார்ப்பேன். இரண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் படம் கோணலாகி, நல்ல இடுப்பையும் கெட்டதாகக் காட்டிவிடும். டாக்டர் என்னைத்தான் வறுத்தெடுப்பார்.

ஆண்கள் யார் படுத்தாலும் என் விரல் அந்த முனையோடு நிற்காது. இரண்டு விரல் பின்னால் தள்ளி, எலும்பு விளிம்பில் ஒரு பள்ளம் இருக்கிறதா என்று தேடும். என் அண்ணனுக்கு அங்கே பள்ளம் உண்டு. ஆறு வயதில் எனக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு அரித்துப்போனது. அந்த ஓட்டையை அடைக்கும் அளவுக்கு என் இடுப்பில் எலும்பு இல்லை. பத்தொன்பது வயது அண்ணன் படுத்துத் தன் இடுப்பிலிருந்து கொடுத்தான். வெகுநாள் இருவரும் நொண்டினோம். முதலில் ஓடியது நான்தான்.

அதே காலோடு போய் அவன் வாசலில் நின்று, அப்பாவின் வீட்டுக்காகச் சண்டை போட்டேன். "ஒரு துண்டு எலும்பக் குடுத்துட்டு காலம் பூரா சொல்லிக் காட்டுவியா?" என்று கேட்டேன். அவன் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. பேச்சு நின்று எட்டு வருடமாகிறது. அவன் எண் போனில் இருக்கிறது, கூப்பிடத்தான் முகமில்லை. தினமும் அவனைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

இன்று ஒரு லாரி டிரைவர் படுத்தார். விரல் பள்ளத்தில் இறங்கியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயா, இங்க எலும்பு எடுத்திருக்காங்களா?"

"ஆமாம்மா. கை ஒடஞ்சு ஒட்டலன்னு, இங்கேர்ந்து எடுத்து அங்க வெச்சாங்க. பதினஞ்சு வருஷமாச்சு."

"கை எப்படி இருக்கு?"

"கைக்கென்ன, ராஜா மாதிரி இருக்கு. ஒட்டுப் போட்டதையே மறந்துடுச்சு. எடுத்த எடம்தாம்மா இன்னும் வலிக்குது. அதுக்குத்தானே வந்திருக்கேன்."

"அசையாம இருங்க" என்றேன். படம் எடுத்தேன்.

அவரை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு எண்ணை அழுத்தினேன். கேட்க வேண்டியதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அண்ணா, இடுப்பு வலிக்குதா? அவ்வளவுதான்.

நான்காவது மணியில் எடுத்தான். நான் வாய் திறப்பதற்குள் முந்திக்கொண்டான்.

"என்ன பாப்பா, கால் வலிக்குதா?"