ஜெயந்தினிக்குப் பிடிக்காத குரல்

அந்தக் குரலைக் கேட்ட முதல் நாளே ஜெயந்தினிக்கு எரிச்சல் வந்துவிட்டது. குரலா அது? தகர டப்பாவுக்குள் உட்கார்ந்துகொண்டு ஒருத்தன் தமிழ் வாசிக்கிற மாதிரி இருந்தது. போனில் வருகிற எழுத்தையெல்லாம் சத்தமாக வாசித்துக் காட்டும் குரல் அது. மாத்தளை டவுனில் போன் கடை வைத்திருக்கும் இப்ஹாம்தான் காசில்லாமல் கிடைக்கிற அதை அவள் புருஷன் அழகுமுத்துவின் போனில் போட்டுக்கொடுத்தான்.

அழகுமுத்துவுக்குச் சீனி வியாதியில் பார்வை போய் ஒரு வருஷம். அதற்கு முன்னால் யட்டவத்த சந்தையில் மிளகு வாங்கி விற்ற மனுஷன். காலையில் பேப்பரைப் பிரித்தால் போதும், அரசாங்கத்தில் தொடங்கி அவள் வைத்த குழம்பு வரைக்கும் எல்லாவற்றோடும் சண்டை பிடிப்பார். பார்வையோடு அந்த வாயும் போய்விட்டது. எதைச் சொன்னாலும் "சரி"தான். வேண்டுமென்றே உப்பில்லாத குழம்பை ஊற்றிப் பார்த்தாள், அதற்கும் "சரி". பார்வை இனித் திரும்பாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். பழைய மனுஷனாவது திரும்பி வரட்டும் என்றுதான் முத்துமாரியம்மனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பேப்பரை அவள்தான் வாசித்துக் காட்டினாள். அவர் மனசு நோகுமென்று பயந்து மரண அறிவித்தலைத் தாண்டிவிடுவாள். விலையேற்றத்தையும் விழுங்கிவிடுவாள்.

"சும்மா குடுக்கிறதுல என்ன தம்பி பெருசா இருக்கப் போகுது? காசு குடுத்தே நல்ல குரலா போடுங்க" என்றாள் இப்ஹாமிடம்.

அவன் தேனாகப் பேசும் ஒரு பெண் குரலையும் ஏற்றினான். அழகுமுத்து வேகத்தைக் கூட்டச் சொன்னார். கூட்டக் கூட்ட அந்தக் குரலில் சொல்லெல்லாம் கூழாகிப்போனது. தகரக் குரலோ, எவ்வளவு விரட்டினாலும் ஒவ்வொரு எழுத்தையும் தெளிவாகச் சொன்னது.

"பழசே இருக்கட்டும்" என்றார். அந்த ஒரு வருஷத்தில் அவர் வேணும், வேணாம் என்று வாய் திறந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

"இந்தக் குரல செஞ்சவங்க, அத எப்படிச் செஞ்சாங்கன்னு மூடி வைக்கல அக்கா" என்றான் இப்ஹாம். "யாரு வேணும்னாலும் தொறந்து பாக்கலாம், பிழை இருந்தா திருத்தலாம். தமிழ் பேச வச்சதும் அப்படிக் காசு வாங்காம செஞ்ச யாரோதான்."

கூடப் பிறந்தவனுக்கு ஒரு வேலை செய்யவே ஆயிரம் சாக்குச் சொல்கிற உலகத்தில் இப்படியும் மனுஷங்களா என்று அவளுக்கு நம்பவே முடியவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் அந்தக் குரல்தான். அவர் வைத்த வேகத்தில் அது அவளுக்குச் சட்டியில் கடுகு வெடிக்கிற சத்தம். அவரோ தலையாட்டிக்கொண்டு, போனில் வரும் பேப்பரில் கடந்த ஒரு வருஷத்துச் செய்தியெல்லாம் தோண்டித் தோண்டிக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனை நிறுத்தினார்.

"ஜெயந்தினி, ஒரு வருஷமா இந்தப் பக்கம் ஒருத்தரும் சாகலியா?"

அவளுக்குக் கை அப்படியே நின்றது.

"கரண்டு பில்லு ஏறல, அரிசி ஏறல, அப்படித்தானே? நாலந்தா ஸெய்னுலாப்தீன் நானா மௌத்தாகி நாலு மாசமாம். எங்கூட மிளகு வாங்கின மனுஷன். எந்த முகத்த வச்சுக்கிட்டு நான் அந்த வீட்டு வாசல்ல நிக்கிறது? என்னைய என்ன சின்னப் புள்ளைன்னு நெனச்சியா?" அதோடு விடவில்லை. மின்சாரக்காரனைத் திட்டினார், மந்திரிகளைத் திட்டினார், அவளையும் அவள் பரம்பரையையும் சேர்த்துத் திட்டினார். "நாளைக்கே நாலந்தா போறோம். பஸ் நேரம் பாரு." ஒரு வாய் சோற்றைப் போட்டுக்கொண்டு முகத்தைச் சுளித்தார். "குழம்புல உப்பும் இல்ல."

உப்பு அன்றைக்குச் சரியாகத்தான் இருந்தது. ஜெயந்தினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தத் தகரக் குரல்காரன் நல்லா இருக்கணும் என்று மனசுக்குள் கும்பிட்டாள். பிறகு அவர் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

"எல்லாம் இருக்கு, பேசாம தின்னுங்க" என்று பதிலுக்குச் சத்தம் போட்டாள்.